நாலாம் நம்பர் அறையில் சோற்று மணம்

தனக்கொடி கதவை மூன்று முறைதான் தட்டுவாள். இரண்டு தட்டு, சின்ன இடைவெளி, பிறகு இன்னொரு தட்டு. "ஹவுஸ்கீப்பிங்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுவாள். உள்ளேயிருந்து இருமலோ செருப்புச் சத்தமோ குழாயை மூடும் ஓசையோ வராவிட்டால் அறை காலி. கீழே ரிசப்ஷனில் இருக்கும் சரிதாவுக்கு வாக்கிடாக்கியில் அந்த ஒரு சொல்லைச் சொல்வாள். சரிதா கம்ப்யூட்டரில் அந்த அறையின் கட்டத்தைச் சிவப்பிலிருந்து பச்சையாக்குவாள். பதினோரு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது.

கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, மஞ்சள் சுண்ணாம்பு பூசிய பழைய பிரெஞ்சுக்காரன் வீடு அது. இப்போது ஆறு அறைகள் கொண்ட விடுதி. வெளியே ஸ்கூட்டர்களும் செல்ஃபி எடுப்பவர்களும் நிறைந்திருந்தாலும், மாடிக்கு ஏறிவிட்டால் சத்தமெல்லாம் கீழேயே நின்றுவிடும். தனக்கொடிக்கு அது பிடிக்கும். முதலியார்பேட்டையில் அவள் வீட்டிலும் பேச்சு குறைவு. கணவன் ராஜாங்கம் மில்லில் தறி ஓட்டியவன். இருபது வருஷம் அந்த இரைச்சலில் நின்றதில் காது பாதி போயிற்று. மில் மூடியபின் பேச்சும் பாதி போயிற்று. இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். இருவரும் ஒரு வார்த்தை இல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். அதில் கோபமோ வருத்தமோ கிடையாது.

அதனாலேயே தனக்கொடிக்குத் தன்னைப் பற்றி ஒரு நினைப்பு இருந்தது. தூங்குகிறவரின் மௌனம் வேறு, அழுது முடித்தவரின் மௌனம் வேறு, ஆளில்லாத அறையின் மௌனம் வேறு, இதெல்லாம் தனக்குத் தெரியும் என்ற நினைப்பு. அந்த நினைப்புதான் அவளைக் கெடுத்தது.

ஐப்பசி மாதம் ஒரு வியாழக்கிழமை கொத்தனார் முருகையன் பக்கச் சுவரில் சாரம் கட்டி ஏறினான். மாடியில் ஓட்டுக்கூரை. ஓட்டுக்கும் அறைகளுக்கும் நடுவே தேக்குப் பலகை அடித்த மச்சு. குரங்குக்காக ஓட்டுக்கு அடியில் கம்பி வலை போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. மீதமிருந்தது, முகட்டுக்குக் கீழே காற்றுக்காக விட்டிருந்த வட்டமான ஓட்டை ஒன்றுதான். அதன் வழியாக மரநாய் போய்வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். 'எங்கள் அறைக்கு மேலே யாரோ நடக்கிறார்கள், மேலே அறையே இல்லையாமே' என்று பெங்களூர்க்காரர் ஒருவர் இணையத்தில் எழுதிவிட்டார். அதிலிருந்து முதலாளி விஜயராகவனுக்கு அந்த ஓட்டைதான் கவலை.

"விஷம் கிஷம்லாம் வேணாம் முருகையா. நாம அந்த மாதிரி ஆளுங்க கெடையாது" என்றார் கீழே நின்றுகொண்டு. "மூடிடு, போதும். அது வேற எடம் பாத்துக்கும்."

"உள்ள எதனா இருந்துச்சுன்னா சார்?"

"தனக்கொடி, நீ போய் ஒரு தடவ செக் பண்ணிச் சொல்லிடு."

தனக்கொடி மாடியேறினாள். மச்சுக்குள் ஏறிப் பார்க்க வழி கிடையாது. பழைய ஏறுவாசலைப் பலகை அடித்து மறைத்துப் பெயிண்ட் பூசிவிட்டார்கள். அவள் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். ஒவ்வொரு அறையாகப் போய், மாப் கட்டையைத் தலைகீழாகப் பிடித்து மச்சைத் தட்டினாள். இரண்டு தட்டு, இடைவெளி, ஒரு தட்டு. அண்ணாந்து நின்று பத்து எண்ணினாள். நாலாம் நம்பர் அறையில் கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள். பகல் பதினொரு மணி. மேலே ஒரு அசைவு இல்லை.

பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, காலியா?" சாரத்தின் மேலிருந்து முருகையன் கேட்டான்.

"காலி" என்றாள்.

அவன் செங்கல்லை வைத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை நாலாம் அறைக்கு நிர்மலாதேவி வந்தார். எழுபது வயதுக்கு மேல். அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். இவர் பிரான்சிலேயே வாழ்ந்து, அங்கேயே டீச்சர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷத்துக்கு ஒரு தடவை தன் அம்மாவின் திதிக்கு மட்டும் ஊர் வருவார். சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஊரில் யாரும் மிச்சமில்லை.

மாலை நாலு மணிக்குத் துண்டு மாற்ற தனக்கொடி போனாள். கதவைத் தட்டினாள். இரண்டு, இடைவெளி, ஒன்று. குரல் கொடுத்தாள். எண்ணத் தொடங்கினாள்.

ஆறு எண்ணும்போது உள்ளே தட்டியது.

டக் டக். பிறகு கொஞ்சம் பொறுத்து, டக்.

கதவைத் தட்டிய சத்தம் இல்லை அது. கதவுக்கு மேலே, சுவருக்கும் மேலே, எங்கிருந்தோ வந்தது. விரல் நகத்தால் பெட்டியைச் சுண்டினால் வருமே, அத்தனை சின்னச் சத்தம்.

"சாரிம்மா, அப்பறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். வாக்கிடாக்கியை வாயருகில் கொண்டுபோனாள். "சரிதா, நாலு காலி இல்ல."

"அய்யோ அக்கா, அந்தம்மா பீச்சுக்குப் போய் அரை மணி நேரம் ஆவுது. சாவி என் கையிலதான் இருக்கு. யாரு கூடப் பேசிக்கினு இருக்கீங்க?"

தனக்கொடி தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தாள். அறையில் யாரும் இல்லை. படுக்கை விரிப்பு கசங்காமல் இருந்தது. ஆனால் அறை முழுக்க ஒரு வாசனை. புது அரிசியை உலையில் போட்டு, முதல் கொதி வந்து மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாசனை. விடுதியில் சோறு வடிப்பது கிடையாது. காலையில் ரொட்டி, முட்டை, காப்பி, அத்தோடு சரி. பக்கத்து வீடு நாலு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது.

துண்டை வைத்துவிட்டு வேகமாக வெளியே வந்தாள்.

சனிக்கிழமை திதி. நிர்மலாதேவி கடற்கரையில் ஐயர் வைத்து எல்லாம் முடித்து, பத்து மணிக்கெல்லாம் அறைக்கு வந்துவிட்டார். தனக்கொடி படுக்கையை மாற்றிக்கொண்டிருந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசனை நேற்றைவிட அதிகமாக இருந்தது.

"உனக்கும் வருதா?" என்று கேட்டார்.

"வருதும்மா."

"எங்கம்மா சோறு வடிச்சா இப்படித்தான் தெரு வரைக்கும் வரும். நேத்தும் வந்துது. இன்னிக்கு இன்னும் ஜாஸ்தியா வருது. இன்னிக்கு எங்கம்மா நாளு." அவர் சிரித்துக்கொண்டே அழுதார். "ஐம்பது வருஷமா வர்றேன். ஒரு தடவகூட இப்படி வந்ததில்ல. நீ ஜன்னலத் திறக்காதே. போயிடும்."

தனக்கொடி தலையணையை உறைக்குள் போட்டாள். மேலே ஏதோ இழுபட்டது. ஒரு துணியை மெதுவாக இழுப்பதுபோல. நிர்மலாதேவிக்கு அது கேட்கவில்லை போலிருந்தது; கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் முருகையன் கூலிக்காக வந்தபோது தனக்கொடி அவனைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள். சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பூட்டிய பக்கத்து வீட்டின் மதில் மேல் அது உட்கார்ந்திருந்தது.

மரநாயை அவள் இதற்குமுன் பார்த்ததெல்லாம் ஒரு வாலாக, ஒரு நிழலாக, மின்கம்பியில் ஓடும் ஒரு கறுப்பாகத்தான். இது உச்சிப் பொழுதில், மேகம் கலைந்து வெயில் சுள்ளென்று அடிக்கையில், மதிலின் மேல் நாய் உட்கார்வதுபோல் உட்கார்ந்திருந்தது. முகத்தில் கறுப்புத் துணி கட்டியதுபோன்ற பட்டை. அடிவயிற்றில் மயிர் நனைந்து ஒட்டி, மடி வீங்கித் தெரிந்தது. முன்னங்கால் நகங்களில் ரத்தம் காய்ந்திருந்தது. அது அவர்களைப் பார்க்கவில்லை. நாலாம் நம்பர் அறைக்கு மேலே, சிமெண்ட் இன்னும் வெளுக்காமல் ஈரச் சாம்பல் நிறத்தில் இருந்த அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முருகையன் கையைத் தட்டினான். "ச்சூ!" அது திரும்பவில்லை. ஒரு கல்லை எடுத்தவன், எறியாமலே கீழே போட்டான்.

"யக்கா" என்றான் மெதுவாக. "பகல்ல இது ஆள் கண்ணுல படாது. குட்டி உள்ள மாட்டிக்கிச்சு."

"நான் தட்டிப் பாத்தனே. சத்தமே இல்லியே."

"தட்டுனியா? பகல்ல தட்டுனா மூச்சுகூட விடாது அதுங்க. அசையாதீங்கன்னு பழக்கி வெச்சிட்டுத்தான் ஆயி எரைக்குப் போவும். நீ பொகை கிகை போட்டுப் பாத்துட்டுச் சொல்றன்னுல்ல நெனச்சேன்! ரூம் தட்டற மாதிரியா தட்டுன?"

தனக்கொடி நாலாம் அறை ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். "சோறு வடிக்கிற வாசனை வருது முருகையா. நாலாம் நம்பர்ல" என்றாள்.

"அது இதோட வாசனைதான். எங்க ஊர்ல தென்னந்தோப்புல வரும். பயந்துச்சுன்னா அப்படி அடிக்கும். ரொம்பப் பயந்தா ரொம்ப அடிக்கும்."

"அந்தச் சிமெண்ட ஒடச்சு வுட்டுடேன்."

"சாரத்தப் பிரிச்சு அனுப்பிட்டேன். அவ்ளோ ஒசரம் ஏணி எட்டாது. உள்ள பலகையத்தான் எடுக்கணும். நான் கைய வெக்க மாட்டேன்க்கா. சார் சொன்னா வர்றேன்."

விஜயராகவன் தன் அறையில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் அல்ல. வாசலில் தெருநாய்களுக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார். தனக்கொடி மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"தட்டுனா திருப்பித் தட்டுதா?" அவர் சிரித்தார். "சரிதா சொன்னா. நான் நம்பல."

"தட்டுது சார். நேத்து மூணு. இன்னிக்குக் காலைல ரெண்டுதான்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "வியாழக்கிழமை காலின்னு சொன்னது யாரு? நீதானே?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"நான் குத்தம் சொல்லல. பாரு, அது நூறு வருஷத்துக்கு மேல ஆன பலகை. ஒண்ண நெம்புனா வரிசையா எறங்கும். திங்கக்கிழமை கல்யாணப் பார்ட்டி வருது, ஆறு ரூமும். மேல ஓட்டையோட எப்படிக் குடுக்கறது?"

"செத்துப்பூடும் சார்."

"நானா சாவடிக்கிறேன்? விஷம் வெச்சனா, பொறி வெச்சனா? எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு." உண்மையிலேயே அவர் முகம் வாடியிருந்தது. "ரெண்டு நாள். அடங்கிடும். அதுக்கப்பறம் வாசனை கீசனை வந்தா பாத்துக்கலாம். நீ பலகை மேல கைய மட்டும் வெச்சிடாத. அப்பறம் நான் உன்ன வேலைக்கு வெச்சுக்க முடியாது. சரியா?"

அவள் நின்றாள். அவர் காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. பிறகு, "சரி, போ" என்று அவரே சொல்லிக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தார்.

சாயங்காலம் பஸ்ஸில் அவளுக்கு அந்த 'சரி' யாருடையது என்று யோசனையாக இருந்தது. மில்லை மூடும்போது வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்களாம். ஆட்சேபணை இருப்பவர்கள் பதினைந்து நாளுக்குள் எழுதித் தர வேண்டும். ராஜாங்கமும் கூட இருந்தவர்களும் அந்த நோட்டீஸ் முன்னால் தினமும் போய் நின்றார்கள். யாரிடம் தருவது, எப்படி எழுதுவது என்று தெரியாமல் நின்றார்கள். பதினாறாம் நாள் வேறு நோட்டீஸ். ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று அதில் இருந்தது. ராஜாங்கம் இதை ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறான். சொல்லும்போது அவன் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

வீட்டில் அவள் சோறு வடித்தாள். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ராஜாங்கம் வந்து பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல், தானே தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

"வேலை போனா போவட்டுமா?" என்று அவள் கேட்டாள்.

அவனுக்குக் காது கேட்டதா என்று தெரியவில்லை. கைகழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நல்ல மழை. நிர்மலாதேவி கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "நேத்து ராத்திரியோட வாசனை நின்னுபோச்சு தனக்கொடி" என்றார். "வந்துட்டுப் போயிட்டாங்க." முகம் தெளிவாக இருந்தது.

தனக்கொடி மாடிக்கு ஓடினாள். நாலாம் அறையைத் திறந்தால், மழை நாளில் எந்த அறையிலும் வரும் ஈரச் சுண்ணாம்பு வாடைதான். மாப் கட்டையைத் திருப்பித் தட்டினாள். இரண்டு, இடைவெளி, ஒன்று.

பத்து எண்ணினாள். ஐம்பது எண்ணினாள். ஓட்டின் மேல் மழை மட்டும் கேட்டது. இது எந்த மௌனம் என்று பிடிபடவில்லை. பயந்து அடக்கியதா, தூக்கமா, எல்லாம் முடிந்ததா? இத்தனை வருஷமாகத் தனக்குத் தெரியும் என்று நினைத்தது எதுவும் தெரியாது என்று பட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் அவளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்களோ?

ஜன்னலைத் திறந்தாள். மதிலில் அது அதே இடத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. பாதி அளவாகச் சுருங்கிவிட்டதுபோல் இருந்தது. கண்கள் மட்டும் சுருங்கவில்லை.

ஸ்டோர் ரூமிலிருந்து ஏணியையும் சின்னக் கடப்பாரையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். படியில் சரிதா பார்த்துவிட்டாள்.

"அக்கா, இன்னா இது? சார் எட்டு மணிக்கு வந்துடுவாரு."

"வரட்டும்."

"எனக்கு எதுவும் தெரியாதுப்பா. நான் பாக்கல" என்று சரிதா கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடு ஏணியின் மறுமுனையை மட்டும் பிடித்து மேலே ஏற்றிவிட்டுப் போனாள்.

பலகை லேசில் விடவில்லை. கடப்பாரை நுனியை இடுக்கில் செருகி உடம்பை அதன்மேல் போட்டபோது, வெள்ளைப் பெயிண்ட் சில்லுசில்லாக முகத்தில் விழுந்தது. ஆணி அலறிக்கொண்டு கழன்றது. முதல் பலகை பாதி பிளந்து தொங்கியது. உள்ளேயிருந்து தூசி, பழைய வேப்பங்கொட்டைகள், காய்ந்த பழத் தோல் எல்லாம் படுக்கைமேல் கொட்டின. அவள் செல்போன் விளக்கைப் பிடித்துத் தலையை உள்ளே நுழைத்தாள்.

அடைத்த ஓட்டைக்குக் கீழே, சுவரோரம், இரண்டு இருந்தன. செங்கல்லில் சுரண்டிச் சுரண்டி அங்கே சுவர் சிவந்திருந்தது. ஒன்று பக்கவாட்டில் கிடந்தது, அதன்மேல் எறும்பு. மற்றொன்று அதை அணைத்துக்கொண்டு படுத்திருந்தது. வெளிச்சம் பட்டதும் அதன் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவை திறந்தபோது ஒரு கீச்சு வந்தது.

அதே கணம் அறைக்குள் சோறு கொதித்தது. அப்படித்தான் இருந்தது. சுவர், திரைச்சீலை, அவள் புடவை எல்லாம் அந்த மணத்தால் நிறைந்தன. திரும்பிப் பார்த்தாள். தாய் ஜன்னல் விளிம்பில் நின்றது. அறை வாசலில் நிர்மலாதேவி நின்றார், கையில் காப்பிக் கோப்பையோடு. அவர் தாயைப் பார்த்தார், மேலே ஓட்டையைப் பார்த்தார், மூக்கில் கைவைத்துக்கொண்டார்.

"இதுவா?" என்றார்.

"இதுதாம்மா. பயந்தா இப்படி வரும்."

அந்த அம்மாள் கோப்பையைத் தரையில் வைத்தார். பிறகு தானும் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். "நான் சந்தோஷப்பட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

தனக்கொடி இறங்கி ஓரமாக நின்றாள். தாய் அவர்கள் இருவரையும் கண்டுகொள்ளவில்லை. வெள்ளை விரிப்பில் சேற்றுக் கால் வைத்து நடந்து, நாற்காலியில் தாவி, ஏணியில் ஏறி உள்ளே மறைந்தது. உயிருள்ளதைக் கழுத்தில் கவ்விக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியாக, மழைக்குள், பூட்டிய வீட்டின் ஓட்டுக்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து செத்ததையும் எடுத்துப் போயிற்று. அதையும் அதே பதனத்தோடு கவ்விக்கொண்டு போனது.

முடிந்தது என்று தனக்கொடி நினைத்தாள். ஜன்னலை மூடப் போனாள். அது மறுபடியும் வந்துவிட்டது.

இந்தத் தடவை நேராக மேலே போகவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தது. நிர்மலாதேவியின் பெட்டியை மோந்தது. அவர் கால்களுக்கு நடுவே மோந்தது, அவர் அசையவில்லை. பிறகு படுக்கை நடுவில் உட்கார்ந்து தனக்கொடியைப் பார்த்தது. அவள் கையில் இருந்த கடப்பாரையைப் பார்த்தது என்றே அவளுக்குத் தோன்றியது. வேலையை ஒப்படைத்தவர்கள் ஆளை நிறுத்திப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"மூணு" என்றாள் தனக்கொடி. "மூணு குட்டியா?"

தாய் ஏணியில் ஏறியது. பலகைமேல் அதன் நடை கேட்டது. நாலாம் அறைக்கும் ஐந்தாம் அறைக்கும் நடுவே இருக்கும் சுவர் ஓடு வரைக்கும் ஏறுகிறது, மேலே ஒரு கை நுழையும் இடுக்கு மட்டும். குட்டி நுழையும், தாய் நுழையாது. நடை அந்தச் சுவரில் போய் நின்றது. பிறகு நகம் செங்கல்லில் உரசத் தொடங்கியது.

தனக்கொடி ஏணியைத் தூக்கித் தோளில் போட்டாள். கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம். சரிதா ஏதோ உரக்கப் பேசி நேரம் கடத்துவது கேட்டது. பிறகு விஜயராகவனின் குரல், படிகளில் அவர் காலடி.

"தனக்கொடி! மேல இன்னா சத்தம்?"

நிர்மலாதேவி சுவரைப் பிடித்து எழுந்து, நடைபாதைக்கு வந்து, மாடிப்படியின் உச்சியில் வழியை மறித்து நின்றுகொண்டார்.

ஐந்தாம் அறையில் கல்யாணப் பெண்ணுக்காகப் புது விரிப்பு போட்டிருந்தது. தனக்கொடி உரசல் கேட்கும் இடத்துக்கு நேர் கீழே ஏணியைச் சாய்த்து ஏறினாள். பலகை இடுக்கைத் தேடிக் கடப்பாரையைச் செருகினாள்.